வடிவு அத்தையும் ரெண்டாவது முடிச்சும்

பாளையம்பட்டி
9.6.2025

வடிவு அத்தைக்கு,

நான் காளீஸ்வரி. உங்க அண்ணன் பூமிநாதனோட மக. நீங்க என்னப் பாத்ததில்ல. நான் உங்கள யூடியூப்புல மட்டும் பாத்துருக்கேன். கருப்புச் சேல கட்டிக்கிட்டு, அம்புட்டுப் பெரிய பியானோ முன்னாடி உக்காந்து, கம்மலத் தொலச்சவுக மாதிரி குனிஞ்சு குனிஞ்சு தேடுறீங்க.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பியானோ கத்துக்க எழுதல. உங்க நம்பருக்கு "அத்தை, நான் காளி"ன்னு மெசேஜ் போட்டேன். "மேடம் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை"ன்னு பதில் வந்துச்சு. "மாணவி இல்ல, மருமக"ன்னு போட்டேன். மறுபடியும் அதே பதில். மூணாவது தடவ பிளாக் பண்ணிட்டாக. அதான் தபாலு. போஸ்ட் ஆபீசுல கவரு கேட்டா, எந்த வேலைக்கு அப்ளிகேசனுன்னு கேக்குறாக.

விசயம் இதான். அப்பாவுக்கு இந்த ஆவணியில அறுபது முடியுது. செப்டம்பர் 5, வெள்ளிக்கெழம காலையில, திருச்சுழி கோயில்ல வச்சு அறுபதாங் கல்யாணம். மறுபடியும் அம்மாவுக்குத் தாலி கட்டணும். மொத முடிச்சு அப்பா போடுவாரு. மத்த ரெண்டும் மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ போடணும். அவருக்குக் கூடப் பொறந்தது நீங்க ஒராளுதான்.

தொண்ணூத்தஞ்சுல நீங்க வரல. அந்தக் கத தெரியாதவுக எங்க தெருவுல இல்ல. உங்களுக்காக அப்பா ரெண்டு தடவ கல்யாணத் தேதிய மாத்துனாரு. மூணாவது தேதியில நீங்க போலந்துல பியானோப் போட்டியில இருந்தீங்க. மண்டபமே வாசலப் பாத்துக்கிட்டு இருந்துருக்கு. ஐயரு நேரம் போகுதுன்னு கத்த, அப்பாவோட பெரியப்பா மக தங்கலட்சுமி அத்தை எந்திருச்சு வந்து முடிச்சப் போட்டுட்டாக. அப்பா மேடையில வச்சே, "இனி அவ வாசிக்கிற சத்தம் எங்காதுல விழக்கூடாது"ன்னு சொன்னாரு. முப்பது வருசமா உங்களோட பேச்சில்ல.

உனக்கென்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. நான் இஞ்சினீரிங்க மூணாவது வருசத்துல விட்டுட்டு வந்துட்டேன். படிச்சது மண்டையில ஏறல, ஏறுனதும் பிடிக்கல. அப்பா நாலு மாசமா எங்கூடவும் பேச்சில்ல. எங்க புண்ணாக்குக் கடையில ஒரு குட்டியானை நிக்குது. யானை இல்ல, சின்ன லோடு வண்டி. அத எங்கிட்டக் குடுங்க, பந்தல்குடி வரைக்கும் நானே லோடு அடிக்கிறேன்னேன். சாவிய இடுப்புல சொருகிட்டாரு. ஒருத்திகிட்ட பேச ஆரம்பிச்சா இன்னொருத்திகிட்டயும் பேசிருவாருன்னு நெனைக்கேன். நாம ரெண்டு பேரும் ஒரே கேசு.

வாரீங்களா, இல்லையா? பதில என் கூட்டாளி மதன்குமாரோட பிளக்ஸ் கடை அட்ரசுக்குப் போடுங்க. வீட்டுக்குப் போட்டுறாதீங்க.

காளி

•

சென்னை
16.6.2025

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் கைபேசியை என் மாணவன் மாதவன் வைத்திருக்கிறான். அதன் மணியோசை சுருதி பிசகியது. கேட்டால் எனக்குப் பல் கூசும். நடந்ததற்கு வருந்துகிறேன்.

நான் பியானோவில் எதையும் தொலைத்துவிட்டுத் தேடவில்லை. அது வாசிக்கும் நிலை.

பதினொரு வயதில் மதுரை விடுதியில், யாரும் தொடாமல் கிடந்த ஒரு பியானோவின் மூடியைத் திறந்தேன். பிறகு மூடவே இல்லை. பத்தொன்பது வயதில் லண்டன். இதுவரை இருபத்திரண்டு நாடுகளில் வாசித்திருக்கிறேன். இப்போது முப்பது பேருக்குக் கற்றுத் தருகிறேன். நீ குறிப்பிடும் அதே செப்டம்பர் 5 மாலை, மும்பையில் எனக்குத் தனிக் கச்சேரி இருக்கிறது. அதோடு மேடையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். ஒரு வருடத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது.

மேலும், அண்ணன் அழைத்தாரா? இல்லை. அவருடைய மகள், அவருக்குத் தெரியாமல், ஒரு பிளக்ஸ் கடையிலிருந்து அழைக்கிறாள். வீட்டுக்காரர் கூப்பிடாத விசேஷத்துக்கு நம் குடும்பத்தில் யாரும் போவதில்லை.

எல்லாம் நல்லபடியாக நடக்க என் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
சண்முகவடிவு

பின்குறிப்பு: யாரோ ஒருத்தி முடிச்சுப் போட்டாள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். தங்கலட்சுமியா? அவளுக்குச் செருப்பு வாரே மாட்டத் தெரியாதே!

•

பாளையம்பட்டி
20.6.2025

அத்தைக்கு,

உங்க லெட்டரு ரேடியோவுல மாநிலச் செய்தி வாசிச்ச மாதிரி இருந்துச்சு. மதன்குமாரு எட்டிப் பாத்துட்டு, "கோர்ட்டு நோட்டீசா?"ன்னு கேட்டான்.

தங்கலட்சுமி அத்தை நல்லாருக்காக. ரொம்ப நல்லாருக்காக. எங்க வீட்டுல எது நடந்தாலும் "நான் போட்ட முடிச்சு"ம்பாக. கடை பெருசாச்சா, நான் போட்ட முடிச்சு. காளி பொறந்தாளா, நான் போட்ட முடிச்சு. நான் காலேஜ விட்டதுக்கு மட்டும் யாரு முடிச்சுன்னு சொல்லல. இந்தத் தடவையும் போடுறதுக்குப் பச்சைப் பட்டு எடுத்து, ஜாக்கெட்டுக்கும் அளவு குடுத்தாச்சு. கழுத்துல ஜன்னல் வச்ச ஜாக்கெட்டு. அறுபதாங் கல்யாணம் அவுகளுக்கா எங்க அம்மாவுக்கான்னு தெரியல.

இப்ப ஒரு ரகசியம். யாருட்டயும் சொல்லிறாதீங்க.

அப்பா உங்க வீடியோவ எல்லாம் பாக்குறாரு. தெனமும் மத்தியானம், யாவாரம் கொறஞ்ச நேரமாப் பாத்து, தவிட்டு மூடையில சாஞ்சுக்கிட்டு. ஆனா சத்தத்த சுத்தமா அமுக்கிட்டுத்தான் பாக்குறாரு! காதுல விழக்கூடாதுன்னுதான சொன்னாரு, கண்ணுல படக்கூடாதுன்னு சொல்லலையே. யாராச்சும் வந்தா, "மாட்டு வைத்தியம் பாக்குறேன்"ம்பாரு. எத்தன வருசமாப் பாக்குறாருன்னு தெரியல. ஒரு வீடியோவுல நீங்க எந்த எடத்துல தலைய ஆட்டுவீங்கன்னு அவருக்கு மனப்பாடம். உங்களுக்கு முன்னாடியே அவரு ஆட்டிருவாரு.

போன வாரம் மூட தூக்குற தங்கபாண்டி அண்ணன்ட்ட போனக் காட்டி, உங்க இடது கை சுண்டுவிரலப் பத்தி ஏதோ சொன்னாரு. அதுக்கு என்னமோ ஆச்சுன்னு. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல.

உங்க சுண்டுவிரலுக்கு என்ன?

காளி

•

சென்னை
27.6.2025

காளி,

என்ன சொன்னாரு? ஒரு வார்த்த விடாம எழுது.

ரெண்டு வருசமா என் இடது கை சுண்டுவிரலும் மோதிர விரலும் நான் சொன்ன பேச்சக் கேக்குறதில்ல. வேகமா வாசிக்கும்போது உள்ள மடங்கிக்குது. நான் அந்த நோட்ட எல்லாம் விட்டுட்டு, மத்த விரல வச்சு ஒப்பேத்திட்டு இருக்கேன். அதனாலதான் ஓய்வு. ஒருத்தருக்கும் தெரியாது. லண்டன் பத்திரிகையில என் வாசிப்புல "முதிர்ந்த நிதானம்" இருக்குன்னு எழுதுனாங்க. ஓட முடியாம நடக்குறதுக்குப் பேரு முதிர்ந்த நிதானம். பக்கத்துல உக்காந்து தாள் பொரட்டுற மாதவனே கண்டுபிடிக்கல.

இவரு சத்தமே கேக்காம கண்டுபிடிச்சாரா?

இப்பப் புரியுதா, மும்பை மட்டும் காரணம் இல்ல. நூல் முடிச்சு போட எனக்கு அந்த ரெண்டு விரலும் வேணும். நடுவுல மடங்கிக்கிட்டா? ஒருதடவ வராம எங்க அண்ணன அவமானப்படுத்துனேன். வந்து வேற அவமானப்படுத்தணுமா?

வடிவு

•

பாளையம்பட்டி
2.7.2025

அத்தைக்கு,

தங்கபாண்டி அண்ணன உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, விசாரிச்சுட்டேன். அப்பா சொன்னது இதான். கோவிச்சுக்கக் கூடாது.

"மாட்டுக்கு ஒரு காலு நொண்டுச்சுன்னா, சூதுள்ள மாடு அத வெளிய காட்டாது. மத்த மூணு கால வெரசா வச்சு நடக்கும். சந்தையில வெவரம் தெரியாதவன் நல்ல நடைன்னு ஓட்டிட்டுப் போயிருவான். எந்தங்கச்சி இடது கையப் பாரு. மத்த விரலு வெரசா ஓடுது. சுண்டுவிரலு பட்டினி கெடக்கு. பெருசா வலிக்கும்போல. யாருட்டயும் சொல்லாம வாசிக்கிறா."

எந்தங்கச்சின்னுதான் சொன்னாராம். மூணு தடவ கேட்டு உறுதிப்படுத்திட்டேன். தங்கபாண்டி அண்ணன் மூணாவது டீக்காகச் சொல்லல, நெசமாத்தான் சொல்லுச்சு.

முடிச்சுக்கு வாரேன். விரல் மடங்குனா மடங்கட்டும், வேற விரலப் பழக்குங்க. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பழகுற ஆளு நீங்க, ஒரு நூலுக்குப் போயிப் பயப்படலாமா? இதோட மஞ்சக் கயிறு வச்சுருக்கேன். நீங்க எதப் பிடிச்சுப் பழகுவீங்களோ தெரியாது. பியானோவுக்குக் காலு இருக்குல்ல, அதுல கட்டிப் பாருங்க. எனக்கு ஒரே ஒரு வெசனம், நீங்க வரலன்னா அந்த ஜன்னல் வச்ச ஜாக்கெட்டு வந்து நிக்கும்.

காளி

•

சென்னை
12.7.2025

காளி,

மாட்டோட சேத்துப் பேசுனதுக்கு ரெண்டு நாள் கோவமா இருந்தேன். இருபத்திரண்டு நாட்டுல வாசிச்சவ, கடைசியில சந்தை மாடு. மூணாம் நாள் கண்ணாடிய எதுக்க வச்சுட்டு வாசிச்சுப் பாத்தேன். நொண்டத்தான் செய்யுது.

கயிறு வந்துச்சு. பியானோ காலுல கட்டிப் பழகுனேன். தாளம் அடிக்கிற பெட்டிய மெல்லமா வச்சுக்கிட்டு, டிக் டிக்னு ஒரு அடிக்கு ஒரு அசைவு. அன்னைக்குப் பாடத்துக்கு வந்த ஒரு பொண்ணோட அம்மா வாசல்லயே நின்னு பாத்துட்டாங்க. நான் பியானோவுக்குத் தாலி கட்டுறதா நெனச்சு, செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மறு வாரம் பொண்ணோட கீபோர்டுக்கும் ஒன்னு கட்டிட்டாங்களாம். வாசிப்பு நல்லா வருதுங்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?

இப்ப மாதவன் கழுத்துல பழகுறேன். "மேடம், மூச்சு முட்டுது"ங்குறான். கழுத்து நல்லபடியா ஒத்துழைக்கல. பத்துத் தடவையில ஆறு தடவ முடிச்சு விழுது. நாலு தடவ சுண்டுவிரல் உள்ள போயி நூலச் சுத்திக்குது. பத்துல ஆறுன்னா என் மாணவனா இருந்தா வீட்டுக்கு அனுப்பிருவேன். கெட்டிமேளம் வேற அடிப்பாங்க. அது என் தாளப்பெட்டியோட உச்ச வேகத்துக்கும் மேல.

உங்கிட்ட ஒன்னு சொல்லணும். உங்க அப்பாகிட்டயும் சொன்னதில்ல. போலந்துப் போட்டியில நான் மொத சுத்துலயே வெளிய வந்துட்டேன். அண்ணன் கல்யாணத்துக்கு அப்ப நாலு நாள் இருந்துச்சு. பிளேனும் இருந்துச்சு. டிக்கெட்டும் கையில இருந்துச்சு. ரெண்டு தடவ எனக்காகத் தேதிய மாத்துன மனுசன் முன்னாடி, தோத்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க வெக்கமா இருந்துச்சு. பெரிய போட்டியில இருந்தா, அதான் வரலன்னு ஊரு நெனச்சுக்கட்டும்னு அறையப் பூட்டிட்டுப் படுத்துக்கிட்டேன். நாலு நாளும் எழுந்திரிக்கல.

அதுனாலதான் சொல்றேன். நானாக் கெளம்பி வர எனக்கு மூஞ்சி இல்ல. அண்ணன் ஒரு வார்த்த கூப்பிடட்டும். அவரு வாயால. நீ போயிச் சொல்லிக் குடுத்து வரக்கூடாது.

வடிவு

•

பாளையம்பட்டி
25.7.2025

அத்தைக்கு,

ஒரு தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு. எட்டுக்கு ஆறு சைசுல பண்ணிட்டேன்.

நீங்க அவரு கூப்பிடட்டும்னீங்க. அவரு கூப்பிட மாட்டாரு, நீங்க வரமாட்டீங்க. நடுவுல எனக்குக் கோட்டி பிடிச்சுரும் போல. அதான் மதன்குமார்ட்டச் சொல்லி ஒரு பிளக்ஸ் அடிச்சு, நம்ம கடைக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல கட்டிட்டேன். வாசகம் அவன் எழுதுனது:

"இருபத்திரண்டு நாடுகளை விரல் நுனியில் வைத்திருக்கும் வீரமங்கை, பியானோ பேரொளி, அண்ணனின் அறுபதாம் திருமணத்திற்கு வருகை தரும் அத்தை சண்முகவடிவு அவர்களே, வருக! வருக!"

உங்க போட்டோவச் சுத்தித் தீப்பொறி பறக்குது. பின்னாடி ஒரு புலி. புலி எதுக்குடான்னு கேட்டேன். எல்லா பிளக்ஸுக்கும் வைக்கிறதுதான்னான். உங்க கையில ஒரு கித்தாரு. பியானோப் படம் தேடுனானாம், கெடச்சது எல்லாம் இங்கிலீசுல எழுத்துப் போட்டிருந்துச்சாம், அதுனால கித்தார வச்சுட்டானாம்.

காலையில அப்பா கடையத் தொறக்க வந்தாரு. பூட்டுல சாவியப் போட்டவரு திரும்பிப் பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு. ரோட்டத் தாண்டி வந்தாரு. பிளக்ஸுக்கு முன்னாடி நின்னு மேலயும் கீழயும் பாத்தாரு. பஸ்ஸுக்கு நின்ன சனமெல்லாம் அவரப் பாக்குது. நான் டீக்கடைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேன். கிழிக்கப் போறாரு, இன்னைக்கு நமக்கு வீட்டுல சோறு இல்லன்னு நெனச்சேன்.

"காளி!"ன்னாரு. நான் நின்ன எடம் தெரிஞ்சுருக்கு. அஞ்சு மாசங்கழிச்சு எம்பேரச் சொல்றாரு.

போனேன்.

"இது என்ன?"

"பிளக்ஸுப்பா."

"அது தெரியுது. கையில என்ன?"

"கித்தாருப்பா."

"அவ கித்தாரா வாசிக்கிறா?"

நான் மதன்குமாரு கடைப் பக்கம் பாத்தேன்.

"அவ வாசிக்கிறது பியானோ. கட்ட எண்பத்தெட்டு. வெள்ள அம்பத்திரண்டு, கருப்பு முப்பத்தாறு. எண்ணிப் பாத்து மாத்தி அடிக்கச் சொல்லு. புலிய எடுக்கச் சொல்லு, அவ சின்னப் புள்ளையில நாய்க்கே பயப்படுவா."

சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டாரு. கடைப்படியில ஏறும்போது திரும்பிப் பாக்காமச் சொன்னாரு: "வருகை தருங்குறது நெசம்னா, நேரத்தையும் போடு. ஒன்பதரைக்கு முகூர்த்தம். அவ எப்பவும் தேதிதான் கேப்பா, நேரம் கேக்க மாட்டா."

மதன்குமாரு ஒரு பகலு முழுக்க ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து கட்டைய எண்ணுனான். எண்பத்தேழு வந்துச்சு. திரும்ப எண்ணுனான். புது பிளக்ஸ அப்பாவே ஏணி போட்டு ஏறிக் கட்டுனாரு.

சாயங்காலம் தங்கலட்சுமி அத்தை வந்தாக. "அப்ப நான் எடுத்த பட்டு?"ன்னாக. "நல்லாருக்கும்மா. மொத வரிசையில உக்காரு"ன்னுட்டாரு.

அத்தை, இது கூப்பிட்டதுதான். இதுக்கு மேல கூப்பிட அவருக்குத் தெரியாது.

காளி

•

சென்னை
2.8.2025

காளி,

எண்பத்தெட்டுன்னா சொன்னாரு? கருப்பு முப்பத்தாறுன்னு தனியாச் சொன்னாரா?

எங்கிட்டப் பத்து வருசம் படிச்ச பிள்ளைங்களக் கேட்டா, பாதிப் பேருக்குக் கருப்பு எத்தனன்னு தெரியாது.

மும்பைக்கு எழுதிட்டேன். அன்னைக்கு நான் இல்ல, மாதவன் வாசிப்பான். அவங்களுக்குக் கோவம். மாதவனுக்குக் காய்ச்சல். மொதத் தடவையா நானே அவன் அறைக்குப் போயி, கஞ்சி குடுத்து, "நீ வாசிப்படா"ன்னு சொன்னேன். "கழுத்துக்கு விடுதலையா மேடம்?"னு கேட்டான்.

மருமகளே, வாரேன். பத்துல எட்டு தடவ விழுது.

அத்தை

•

பாளையம்பட்டி
20.8.2025

அத்தைக்கு,

முக்கியமானத மட்டும் சொல்றேன். முந்துன நாளே மதுரைக்கு வந்துருங்க, அங்க ரூம் போட்டுருக்கேன். காலையில ஏழு மணிக்குக் காரு வரும். கருப்புச் சேல கட்டிறாதீங்க, அம்மா மயக்கம் போட்டுரும். தங்கலட்சுமி அத்தை மொத வரிசையில இருந்து எந்நேரமும் எந்திரிக்கலாம், இடது பக்கம் ஒரு கண்ணு வைங்க. நான் குட்டியானையில சமையல் பாத்திரம் ஏத்திட்டு நேரா வாரேன். தங்கபாண்டி அண்ணன்தான் ஓட்டணும்னு அப்பா சொல்லிருக்காரு. அண்ணனுக்கு அன்னைக்கு முதுகு பிடிக்கப் போகுது, பேசியாச்சு.

காளி

•

பாளையம்பட்டி
9.9.2025

அத்தைக்கு,

நல்லபடியாப் போய்ச் சேந்தீங்களா?

எனக்கு வயித்தெரிச்சல் அடங்கல. மூணு மாசம் லெட்டரு எழுதுனது நானு, கயிறு அனுப்புனது நானு, பிளக்ஸ் அடிச்சது நானு. நீங்க முடிச்சுப் போட்ட நேரத்துல நான் எங்க இருந்தேன்? கோயிலுக்கு வெளிய! குட்டியானைய நிப்பாட்டுன எடத்துல அருப்புக்கோட்டை பஸ்ஸு திரும்ப முடியலன்னு டிரைவரு ஆரன்ல வச்ச கைய எடுக்கல. வண்டிய எடுத்துட்டு, அவருட்டத் திட்டும் வாங்கிட்டு, ஓடியாந்து பாத்தா எல்லாரும் அட்சதையத் தட்டி விட்டுக்கிட்டு இருக்காக.

என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒவ்வொருத்தரு ஒவ்வொன்னு சொல்றாக. அம்மா, "எம்முதுகுக்குப் பின்னாடி நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"ங்குது. தங்கலட்சுமி அத்தை, பாதி முடிச்சு அவுகதான் போட்டாகளாம். அப்பாட்டக் கேக்க முடியாது. திரும்பும்போதாவது நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் ஓட்டியாந்தது தெரிஞ்சு பிடுங்கி வச்ச சாவிய, எல்லாரு முன்னாடியும் அப்பா எங்கிட்டத் தூக்கிப் போட்டு, "அத்தைய ஏர்போட்டுல விட்டுட்டு வா. பள்ளத்துல மெல்லப் போ, அவ கையி குலுங்கக் கூடாது"ன்னாருல்ல? அந்தச் சந்தோசத்துல நான் பேசிக்கிட்டே வாரேன், நீங்க மதுர வரைக்கும் கண்மாயும் கருவேலமுமாப் பாத்துக்கிட்டு வாரீங்க. கேட்டதுக்கு "எழுதுறேன்"ன்னு ஒரு வார்த்த.

எழுதுங்க.

காளி

•

சென்னை
15.9.2025

காளி,

வண்டியில வாயத் தெறந்தா அழுதுருவேன். அதான் பேசல. நீ கியர் மாத்துற விதத்துக்கே பாதி அழுக வந்துருச்சு.

நடந்தது இதான்.

அண்ணன் தாலியக் கட்டி மொத முடிச்சப் போட்டாரு. கெட்டிமேளம். நான் மதினிக்குப் பின்னாடி போயி நூலப் பிடிச்சேன். பிடிச்ச ஒடனே அந்த ரெண்டு விரலும் மடங்கிக்கிச்சு. மாதவன் கழுத்துல ஒருநாளும் அப்படி மடங்கல. இழுத்துப் பாத்தேன், நூலு விரலச் சுத்திக்கிச்சு. மேளக்காரரு முடிச்சு விழுற வரைக்கும் அடிக்கணும்ல, அடிச்சுக்கிட்டே இருக்காரு. தவில்காரருக்கு வேர்த்து ஊத்துது. ஐயரு என்னப் பாக்குறாரு. பூப் போட வந்த சனம் போட்டு முடிச்சு, கையில பூ இல்லாம நிக்குது. இடது பக்கம் பச்சைப் பட்டு எந்திரிச்சிருச்சு. "நான் வேணாப் போடட்டுமா வடிவு?"

எத்தனையோ மேடையில ஏறிருக்கேன். பாதியில விட்டுட்டு எறங்குனதில்ல. நூல விட்டுறலாம்னு நெனச்சுட்டேன். அவகிட்டயே குடுத்துருவோம், ரெண்டாந் தடவையும் அவளே போடட்டும்னு.

அப்ப உங்க அப்பா திரும்பாம, நேரா சாமியப் பாத்துக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"சுண்டுவிரல விட்டுரு. நூல மூணாவது விரல்ல தாங்கு. கட்டைவிரல அடியில விடு. நீதான் அப்படி வாசிப்பியே."

காளி, கடினமான எடத்துல கட்டைவிரல அடியில விடுறது நான் ரெண்டு வருசமாத் திருட்டுத்தனமாப் பண்ற வேல. அத அவரு பாத்து வச்சுருக்காரு. புண்ணாக்குக் கடையில உக்காந்துக்கிட்டு, சத்தத்த அமுக்கிட்டு.

விட்டேன். தாங்குனேன். அடியில விட்டேன். ரெண்டு முடிச்சும் விழுந்துச்சு. மூணாவதா ஒன்னும் போட்டுட்டேன், முப்பது வருசத்துக்கு வட்டி. தங்கலட்சுமி பாதி போட்டாளா? அவ எஞ்சேல முந்தியத்தான் பிடிச்சா.

சாப்பாட்டுப் பந்தியில அண்ணன் எனக்கு எதுத்த எலையில உக்காந்தாரு. போலந்து கதைய அப்பச் சொன்னேன். மொத சுத்துலயே தோத்தேன்னு. ரசத்த உறிஞ்சிட்டு, "சரி, அப்பளம் வாங்கிக்க"ன்னாரு. அவ்வளவுதான்.

அத்தை

•

பாளையம்பட்டி
24.9.2025

அத்தைக்கு,

ரெண்டு சேதி.

ஒன்னு, அம்மா நீங்க வட்டிக்குப் போட்ட முடிச்ச அவுக்க முடியாமக் கெடக்கு. நகைக்கடைக்காரரு தாலிய மஞ்சக் கயித்துலருந்து செயின்ல கோத்துத் தாரேன்னு பாத்துட்டு, "எந்தக் கப்பல்ல போட்ட முடிச்சு?"ன்னு கேட்டாரு.

ரெண்டாவது சேதிக்குத்தான் இந்த லெட்டரு.

நேத்து மத்தியானம் பாத்திரக்காரருக்குச் சாமான இறக்கிட்டு (ஆமா, இப்ப நான்தான் லோடு) கடைக்கு வாரேன். உள்ள பியானோச் சத்தம். எட்டிப் பாத்தா அப்பா. தவிட்டு மூடையில சாயாம, நிமிந்து உக்காந்து, போன முழங்கால்ல நிப்பாட்டி வச்சு, சத்தத்தக் கூட்டிக் கேக்குறாரு. புண்ணாக்கு வாங்க வந்த ரெண்டு பேரு வாசல்லயே நிக்கிறாக. அவுகளுக்கு வெல சொல்லல.

முடிஞ்ச ஒடனே என்னப் பாத்து, "இம்புட்டுச் சத்தமாவா இருக்கும்?"ன்னாரு. "நான் நெனச்சு வச்சிருந்தது வேற"ன்னாரு. எத்தன வருசமா அவரே ஒரு பாட்டப் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்துருக்காரு, பாவம்.

அப்புறம் இந்த மார்ச்சுல நீங்க வாசிச்ச வீடியோவப் போட்டாரு. அது முடியவும், ஆறு வருசத்துக்கு முன்னாடி அதே பாட்ட நீங்க வாசிச்சதப் போட்டாரு. விரல் நல்லாருந்தப்ப வாசிச்சது. மறுபடி இது. மறுபடி அது. நாலு தடவ. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாரு. வந்த ரெண்டு பேரும் போயிட்டாக.

கண்ணத் தெறந்து சொன்னாரு:

"பாக்கும்போதுதான் நொண்டுது. கேக்கும்போது நொண்டல. அவளுக்கு எழுது."

எழுதிட்டேன்.

காளி

•

சென்னை
3.10.2025

காளி,

உன் லெட்டர மாதவன்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். என் கண்ணாடி நனஞ்சு போச்சு. அவன் மும்பையில நல்லா வாசிச்சான், ஆனா அத அவன்கிட்டச் சொல்லிறாத.

ஓய்வு இப்பத்திக்கு இல்ல. கண்ண மூடிக்கிட்டுக் கேக்குறவங்களுக்கு வாசிக்கலாம்னு இருக்கேன். மொதல்ல ஒராளுக்கு. தை மாசம், அருப்புக்கோட்டையிலயே ஒரு மண்டபம் பாரு. பிளக்ஸ் வேணும்னா அடி. புலி வேண்டாம்.

இங்க இருக்கிற சின்ன பியானோ முன்னூறு கிலோ. சென்னையிலருந்து லாரியில வந்துரும். ரோட்டுலருந்து மண்டபத்துக்கு உன் குட்டியானை தாங்குமா? ஒடனே சொல்லு. போன்லயே சொல்லு. மணியோசைய மாத்தியாச்சு.

அத்தை

•

பாளையம்பட்டி
8.10.2025

அத்தைக்கு,

போன் பண்ணேன், போகல. மதன்குமாரு நம்பர்லருந்து மெசேஜ் போட்டேன். "மேடம் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை." மாதவன்ட்டச் சொல்லி என்ன அன்பிளாக் பண்ணச் சொல்லுங்க.

வண்டி தாங்கும். அடியில பத்துத் தவிட்டு மூடைய மெத்த மாதிரிப் போட்டுத் தாரேங்குறாரு அப்பா. கட்டைய ஏத்தும்போது ஒருதடவ எண்ணுவாராம், எறக்கும்போது ஒருதடவ எண்ணுவாராம். எண்பத்தெட்டுல ஒன்னு கொறஞ்சாலும் சாவி மறுபடி இடுப்புக்குப் போயிருமாம்.

மெல்ல ஓட்டுறேன்.

காளி